பால் டின் ஒட்டு

போனில் கேட்டபோது லோகேஸ்வரன் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டான். ஈப்போவில் யாரோ குகனேஸ்வரனாம். பழைய ஸ்போர்ட்ஸ் காடி ஒன்று வாங்கியிருக்கிறானாம். அதற்கு வெளிநாட்டிலிருந்து புது எக்சோஸ், அதுதான் புகைக்குழாய், வரவழைத்திருக்கிறானாம், முழு செட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாம். மாட்டித் தர ஆள் வேண்டும். கேமரன் மலையில் இந்த மாதிரி வேலைக்கு லோகேஸ்வரனை விட்டால் யார் இருக்கிறார்கள்? புதன்கிழமை கொண்டு வாங்க என்றான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி ரிங்லெட் பட்டறை வாசலில் வந்து நின்றது. இங்கிலீஷ்காரன் காலத்து ரெண்டு சீட்டு வண்டி, சிவப்பு நிறம், துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டிருந்தது. பனி விலகாத அந்தக் குளிரில் கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு எந்தக் கிறுக்கன் வருகிறான் என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பச்சை வண்டிக்குச் சிவப்பு அடிக்கலாம். நசுங்கின கதவை மாற்றலாம். நம்பர் அதேதானே? எஸ்டேட் பெரிய துரையின் வண்டி அது. லோகேஸ்வரனுடைய அக்கா திலகா செத்துப்போனது அதற்குள்ளேதான்.

குகனேஸ்வரனுக்கு இதெல்லாம் தெரியாது. துரை ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போன பிறகு அவர் மகன் விற்ற வண்டி என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பின் சீட்டில்லாத வண்டிக்குள்ளிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டே பேசினான்.

"பாடி எல்லாம் ஈப்போவுல செஞ்சு முடிச்சாச்சுண்ணே. அடியில மட்டும் யாரும் கை வைக்கல. அந்தப் பழைய குழாயக் கழட்டித் தூக்கிப் போட்டுருங்க. எனக்குச் சத்தம் வரணும். கியர மாத்துனா கேக்குறவன் திரும்பிப் பாக்கணும், இப்ப சளி புடிச்சவன் மாதிரி இருமுது லா."

"கூரைய ஏன் தொறந்துட்டு வந்தீங்க? குளிரலையா?"

"அத ஏன் கேக்குறீங்க. போன வாரம் மழைன்னு கூரைய மூடி, கண்ணாடிய ஏத்திட்டு தாப்பா ரோட்டுல ஓட்டுனேன். அரை மணி நேரத்துல தலை வலிச்சு, கண்ணு சொருகி, வாந்தி வர மாதிரி ஆயிருச்சுண்ணே. ஓரமா நிறுத்தி இறங்கிட்டேன். எனக்கு மலை ரோடு ஒத்துக்கலபோல."

சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பிரிஞ்சாங்கில் கூட்டாளி ஒருவனைப் பார்க்க பஸ் ஏறிப் போனான். லோகேஸ்வரன் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தலை வலி, கண் சொருகல். இதே வண்டியைப் பற்றி இதே பேச்சை அவன் முன்பே ஒரு வாயால் கேட்டிருக்கிறான். கேட்டுச் சிரித்திருக்கிறான்.

அந்த வாய் நாகப்பனுடையது. திலகாவின் புருஷன். துரைக்கு இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்த மனுஷன். குடி கிடையாது, சூது கிடையாது. வண்டியைத் துடைத்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படித் துடைப்பார். சும்மா சொல்லக்கூடாது, லோகேஸ்வரனுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த துரையின் பழைய மெக்கானிக்கிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் அவர்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்பு நவம்பர் மாதம். அடைமழை. துரை தாப்பாவில் இருந்தார், வண்டியை அங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார். கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று திலகாவும் கூட ஏறிக்கொண்டாள். கூரையை இழுத்துக் கட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி இறக்கத்தில் வண்டி ஒரு வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் இறங்கி, மரத்தில் மோதியது. திலகா உட்கார்ந்திருந்த பக்கம்தான் மோதியது. நாகப்பனுக்கு நெற்றியில் நாலு தையலோடு போயிற்று.

எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். "தெரியல. கண்ணு இருட்டிருச்சு. தூங்கிட்டேன்போல." ரத்தத்தில் ஒரு சொட்டு சாராயம் இல்லை என்று ஆஸ்பத்திரிக் காகிதம் சொன்னது. அப்புறம் என்ன? தூங்கியிருக்கிறான். பொண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடைமழையில், பட்டப்பகலில் தூங்கியிருக்கிறான். கோர்ட்டில் லைசன்சைப் பிடுங்கினார்கள். அதற்கு முன்னாலேயே லோகேஸ்வரன் தன் தீர்ப்பைச் சொல்லியாயிற்று.

திலகாவைக் குளிப்பாட்டி, பிறந்த வீட்டுக் கோடி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். நாகப்பன் தலையில் கட்டோடு, ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கையில் அரிசியோடு வந்தார். லோகேஸ்வரன் குறுக்கே போய் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அரிசியெல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறியது. "கொன்ன கையால என் அக்கா வாயில அரிசி போடாத!" என்று கத்தினான். ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை. நாகப்பன் குனிந்து தரையில் கிடந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார். அதைக்கூட யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடாமலே அவர் சுடுகாட்டுக்கு நடந்தார்.

அதையெல்லாம் அவர்களுடைய மகள் பூவிழி சுவரோரம் நின்று பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. அன்றைக்கே மாமன் வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. லோகேஸ்வரனுக்கும் அவன் மனைவி விக்னேஸ்வரிக்கும் பிள்ளை இல்லை. கோயில் கோயிலாக ஏறியும் கிடைக்காத பிள்ளை, வீட்டுக்குள் தானாக வந்து நின்றது. சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்: அந்தச் சாவு வீட்டில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவளைப் படிக்க வைத்தான். பிரிஞ்சாங் ஹோட்டலில் வேலைக்குச் சேர்த்துவிட்டான். தகப்பனைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், கேட்காதபோதும், தூங்கினவன் கதையைச் சொன்னான். அவள் மனசில் இருந்த வெறுப்புக்கு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் அவன்தான்.

*

வண்டியைத் தூக்கி நிறுத்தி, விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தான். முதலில் எஞ்சினோடு குழாயைப் பிடிக்கிற நட்டுகள். மூன்றும் துருவில் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்தான், நெருப்புக் காட்டினான். ரெண்டு நட்டு முனகிக்கொண்டே கழன்றது. மூன்றாவது பட்டென்று முறிந்தது. "சனியன்" என்று திட்டிக்கொண்டே அதைத் துளை போட்டு எடுத்தான். அதுவரைக்கும் வேலை வேலையாகத்தான் இருந்தது.

பிறகு விளக்கை நடுக்குழாய்ப் பக்கம் திருப்பினான். அங்கே அவனுடைய கைவேலை அவனுக்காகக் காத்திருந்தது.

அந்த விபத்துக்கு ஒரு வாரம் முன்பு குழாயில் வெடிப்பு கண்டிருந்தது. புது பாகம் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு ஒட்டுப் போடு லோகு என்று நாகப்பன் கொண்டுவந்து நிறுத்தினார். லோகேஸ்வரனுக்கு அதெல்லாம் தூக்கத்திலும் வருகிற வேலை. காலிப் பால் டின்னை வெட்டி நிமிர்த்தி, வெடிப்புமேல் பசை தடவி, தகட்டைச் சுற்றி, ரெண்டு கிளிப்பைப் போட்டு இறுக்க வேண்டியதுதான். ரிங்லெட்டிலிருந்து கியா பார்ம் வரைக்கும் காய்கறி லோரிகளில் பாதி இந்தப் பால் டின் ஒட்டில்தான் ஓடுகின்றன. லோரிக்கு அது போதும். லோரிக் குழாயில் ஒழுகினால் புகை வெளியே போகும், டிரைவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு வெற்றிலை துப்பிக்கொண்டு போவான். கூரையைக் கட்டி மூடுகிற சின்ன வண்டிக்கு லோரி வைத்தியம் செய்யக்கூடாது என்று அவனுக்கு உறைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் குழாய்க்கு நேர்மேலே, பக்கத்துச் சீட்டுக்குக் கீழே, தரைத்தகடு உள்ளங்கை அகலத்துக்கு அரித்து ஓட்டை விழுந்திருந்ததை அவன் பார்த்தான். பார்த்து என்ன செய்தான்? மேலே ஒரு துண்டுக் கம்பளத்தை விரித்துவிட்டான். துரை கேட்டால் அப்புறம் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் நாகப்பன் வந்தார். "லோகு, கூரைய மூடுனா தலைவலி மண்டையப் பொளக்குதுடா. கண்ணு சொருகுது. ஒட்ட ஒரு தடவ பாரேன்." லோகேஸ்வரன் வேறொரு லோரிக்கு அடியில் இருந்தான். எழுந்துகூட வரவில்லை. "ஒட்டுல ஒண்ணுமில்ல மச்சான். உங்களுக்கு வயசாயிருச்சு, கண்ணாடி போடுங்க" என்றான். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மைத்துனன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போய்விட்டார்.

இப்போது விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தகடு ஒரு பக்கம் பூவாக விரிந்து கிடந்தது. வெளியிலிருந்து அடிபட்டு நசுங்கியிருந்தால் உள்பக்கமாக மடங்கியிருக்கும். இது உள்ளேயிருந்து புகை தள்ளித் தள்ளித் திறந்த வாய். அதற்கு மேலே தரைத்தகடு முழுக்கக் கரி. எழுந்து போய்ப் பக்கத்துச் சீட்டைக் கழற்றி, கம்பளத்தைப் புரட்டினான். அடிப்பக்கம் அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்து, கை வைத்தால் ஒட்டியது.

எஞ்சின் புகையில் மணமில்லாத விஷம் ஒன்று இருக்கிறது. மூடிய வண்டிக்குள் அது நிறைந்தால் முதலில் தலை வலிக்கும், பிறகு கண் சொருகும், பிறகு நினைவே போய்விடும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். லோகேஸ்வரனுக்கும் தெரியும். தெரிந்த விஷயம்தான் ரெண்டு வருஷம் கழித்து அவன் மண்டையில் இறங்கியது. நாகப்பன் தூங்கவில்லை. அவன் ஒட்டிய ஒட்டு அவரை மயக்கிப் போட்டிருக்கிறது. அக்காவைக் கொன்றது அவனுடைய கை.

"ஐயோ அக்கா" என்றான். ஆளில்லாத பட்டறையில் அவன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது.

கிளிப்பை அவிழ்த்துத் தகட்டை எடுத்தான். பட்டறை மூலையில் பழைய இரும்பு போடுகிற டிரம் இருந்தது. வெள்ளிக்கிழமை சீனன் லோரி வந்தால் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவான். தகட்டையும் கம்பளத்தையும் அதற்குள் எறிந்தான். யாருக்குத் தெரியப்போகிறது? பார்த்தது அவன் ஒருத்தன். நாகப்பனுக்கே தான் தூங்கிவிட்டதாகத்தான் நினைப்பு. செத்தவள் திரும்பி வரப்போவதில்லை. வீட்டில் ஒரு பெண்பிள்ளை மாமா, மாமா என்று சுற்றிவருகிறது. சொன்னால் அது நின்றுபோய்விடும்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பிள்ளையே வந்தாள். புதன்கிழமை அவளுக்கு லீவு, மாமனுக்குச் சோறு கொண்டுவருவாள். தூக்கை மேசைமேல் வைத்தவள் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது அந்தக் காடிதான மாமா?"

அவன் தலையை ஆட்டினான். பூவிழி மெல்ல நடந்து பக்கத்துச் சீட்டு இருந்த பக்கம் போனாள். சீட்டு கழற்றிக் கீழே வைத்திருந்தது. குனிந்து அதன் முதுகைத் தடவினாள். அழுவாள் என்று பார்த்தான். அழவில்லை.

"அம்மா இதுலதான் உக்காந்திருந்தாங்க. தூங்குனவருக்கு நாலு தையல். முழிச்சிட்டு இருந்த அம்மாவுக்கு உசுரே போச்சு. என்ன நியாயம் மாமா இது?"

"பூவு…" என்றான்.

"சோறு ஆறிடும். சாப்பிடுங்க. அத்த ரசம் தனியா ஊத்தி வச்சிருக்காங்க." அவன் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தச் சோற்றை அவன் தொடவில்லை. டிரம்முக்குள் கையை விட்டுத் தகட்டை வெளியே எடுத்து, துடைத்து, பேப்பரில் சுற்றிவைத்தான்.

*

அதற்குப் பிறகு அவன் செய்த வேலையை, அவன் வாழ்நாளில் செய்த ஒரே சரியான வேலை என்று சொல்லலாம். முதலில் தரை ஓட்டையை வெட்டிச் சுத்தம் பண்ணி, கனமான தகடு வைத்து, சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்டிங் வைத்தான். புது முன்குழாயைப் புது கேஸ்கெட் வைத்து எஞ்சினோடு சேர்த்தான். சத்தம் அடக்குகிற நடுப்பெட்டி, பின்பெட்டி, தொங்கவிடும் ரப்பர்கள் எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எங்கேயும் தரையில் உரசாமல் விரல் அகலம் விட்டு நேர்படுத்தி, அப்புறம்தான் முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்கினான். எஞ்சினைக் கிளப்பி, ஈரத்துணியால் பின்வாயை ஒரு கணம் அடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்று தடவை பார்த்தான். ஒரு இணைப்புக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு இந்தப் பத்து நிமிஷம் அவனிடம் இல்லாமல் போயிற்று.

நாலு மணிக்கு வந்த குகனேஸ்வரன் சாவியைத் திருப்பி மிதித்ததும் பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஆழமான, கனத்த சத்தம். "அலாமாக்! இதுதான் அண்ணே காடி!" என்று குதித்தான். லோகேஸ்வரன் அவனிடம் ஒன்றுதான் சொன்னான்.

"தம்பி, உங்களுக்கு மலை ரோடு ஒத்துக்காம இல்ல. பழைய குழாயில ஓட்டை, புகை உள்ள வந்திருக்கு. நீங்க நிறுத்தி இறங்குனதாலதான் இப்ப இங்க நிக்கிறீங்க. இனிமே தலை வலிச்சா எவன் என்ன சொன்னாலும் கேக்காதீங்க."

*

தேயிலைத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் ஐந்து மணிக்கு முடியும். லைசன்ஸ் போன பிறகு நாகப்பனுக்கு அங்கேதான் வேலை, கொழுந்தைக் காய வைக்கிற இடத்தில். கொழுந்து நிறுக்கிற கொட்டகையோரம் லோகேஸ்வரன் வேனை நிறுத்திக் காத்திருந்தான். வெளியே வந்தவரைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயசு மனுஷன் எழுபது மாதிரி நடந்தார். அவனைக் கண்டதும் பயந்துபோய் நின்றார்.

"பூவிழிக்கு என்ன?" என்றார். ரெண்டு வருஷத்தில் அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அவ நல்லா இருக்கா மச்சான். உக்காருங்க."

கொட்டகைத் திண்டில் உட்கார்ந்தார்கள். லோகேஸ்வரன் பேப்பரைப் பிரித்துத் தகட்டை நடுவில் வைத்தான். சுற்றி வளைக்காமல் சொன்னான். ஒட்டு, ஓட்டை, கம்பளம், கரி, விஷம். தன் கையால் நடந்தது என்று சொன்னான். நாகப்பன் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேனே லோகு, தலை வலிக்குதுன்னு."

"சொன்னீங்க."

"நீ எந்திரிச்சுகூட வரலியேடா."

லோகேஸ்வரன் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். "அன்னிக்கு உங்க கையத் தட்டிவிட்டேன் மச்சான், அந்த அரிசி…" என்று அவன் ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது. "அதப் பேசாத. அதப் பேசுன, இதே எடத்துல உன்ன அடிச்சுக் கொன்னுருவேன்" என்றார். அடித்தால் தேவலை என்று லோகேஸ்வரனுக்கு இருந்தது. அவர் அடிக்கவில்லை.

கொழுந்து லோரி ஒன்று உள்ளே போனது. பிறகு நாகப்பன் வேறு குரலில், ஏதோ ஒன்றைக் கேட்கப் பயந்தவர்போலக் கேட்டார்.

"ஓட்டை அவ பக்கத்துலன்னு சொன்னியே. அப்படின்னா யாரு மொதல்ல மயங்கிருப்பா?"

"அக்காதான் மச்சான். நேர்மேல உக்காந்திருந்தாங்க. உங்களுக்கு ரொம்ப முன்னாடியே மயங்கியிருப்பாங்க."

"அப்ப அவ முழிச்சிருக்கல?"

"இல்ல மச்சான்."

"என்னைக் கூப்பிடல?"

லோகேஸ்வரனுக்குப் புரியவில்லை. நாகப்பன் தகட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் தூங்கிட்டேன்னுதானடா நெனச்சிருந்தேன். அப்ப அவ பாத்திருப்பா இல்ல? வளைவு வருது, நான் திருப்பல, பாத்திருப்பா. என்னங்க, என்னங்கன்னு கத்தியிருப்பா. தோளப் புடிச்சு உலுக்கியிருப்பா. நான் எந்திரிக்கல. ரெண்டு வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் அவ என்னைக் கூப்புடுறா லோகு. நானும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறேன்." அவர் உடம்பு குலுங்கியது. "அவ கூப்பிடவே இல்லையா. பயப்படவே இல்லையா. தூங்கிட்டேதான் போனாளா…"

அந்த மனுஷன் அழுதார். வேலை முடிந்து போனவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். லோகேஸ்வரன் அவர் தோளைத் தொடத் துணியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் அவனைக் கொன்றது. "போலீசுக்குப் போறேன், கோர்ட்டுக்குப் போறேன்னு எதுவும் செய்யாத. புள்ளகிட்டயும் சொல்லாத. அம்மா போயிட்டா. நான் இருந்தும் இல்ல. நீயும் இல்லாம போயிட்டா அவளுக்கு யாருடா இருக்கா? எனக்கு இது தெரிஞ்சதே போதும்."

*

அவர் சொன்னபடி விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்தான். பாதிக்கப்பட்டவரே வேண்டாம் என்று சொன்ன பிறகு உனக்கென்ன என்று அவன் மனசே அவனிடம் வக்காலத்து வாங்கியது. ஆனால் மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது, பூவிழி ரொட்டியில் கறிக்குழம்பு ஊற்றிக்கொடுத்துவிட்டு, "நேத்து மத்தியானம் சோறு அப்படியே திரும்பி வந்துச்சு, உடம்புக்கு என்ன மாமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையின் அக்கறையை இனி ஒரு நாள்கூடத் திருடித் தின்ன அவனால் முடியவில்லை. சொல்லிவிட்டான்.

விக்னேஸ்வரி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூவிழி நின்றபடியே கேட்டாள். முடிந்த பிறகு ரெண்டே கேள்வி கேட்டாள்.

"தலை வலிக்குதுன்னு அவரு முன்னாடியே வந்து சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வயசாயிருச்சுன்னு சொன்னேன்."

அவள் அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பையின் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. விக்னேஸ்வரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பூவிழி அத்தையை விலக்கவில்லை, அவளும் அழுதாள். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை. வாசலுக்கு வந்து, லோகேஸ்வரனைப் பார்க்காமல், "எஸ்டேட்ல கொண்டு விடுங்க" என்றாள்.

எப்போதும் முன்னால் உட்கார்ந்து, பாட்டை மாற்றிக்கொண்டே வருகிறவள், வேனின் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் மழை தூறியது. பேசுவதற்கு அவனுக்கு என்ன உரிமை இருந்தது?

எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு நாகப்பனுடையது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வேன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். மகளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார், கோயிலில் சாமி வரும்போது ஒதுங்குகிற மாதிரி. பூவிழி அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல், தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

லோகேஸ்வரன் வேனைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தான். நாகப்பன் மழையில் நனைந்துகொண்டே வந்தார். சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லிவிட்டாயே என்று அவர் கேட்கவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டார்.

"எறங்கு லோகு. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

லோகேஸ்வரன் கதவுப் பிடியில் கை வைத்தான். அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை, தெளிவாக இருந்தது.

"வேணாம்ப்பா. அவர போகச் சொல்லுங்க."

நாகப்பன் திரும்பி வீட்டைப் பார்த்தார். அப்பா என்று அவள் அவரைக் கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. லோகேஸ்வரனை ஒருமுறை பார்த்தார். பிறகு வேன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"வர்றேன் மச்சான்" என்று சொல்லி லோகேஸ்வரன் கியரைப் போட்டான்.